கையில் இருக்கிற காசுக்குக் கிடைக்கும் கடை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'குடும்பத்திற்கு உற்ற துணை பேரங்காடியா, தெருமுனை மளிகைக் கடையா' என்ற தலைப்பில் எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், பேரங்காடிக்கு ஆதரவாக மூன்று காரணங்களைச் சொன்னார்: விலை குறைவு, பொருள்கள் அதிகம், அச்சடித்த ரசீது கிடைக்கும். கடைசியாகச் சொன்னதை நான் மறுக்கப் போவதில்லை. எங்கள் கடைக்காரர்களில் பலர் இன்னும் துண்டுச்சீட்டில் கூட்டிப் போடுகிறவர்கள்தாம். ஆனால் விலையைப் பற்றி அவர் பேசியதில் பாதி விடுபட்டிருக்கிறது.

ஐந்து கிலோ கோதுமை மாவு வாங்கினால் ஒரு கிலோ சர்க்கரை பாதி விலை என்ற சலுகையைப் பெறுவதற்கு, முதலில் அந்த ஐந்து கிலோவுக்கான பணம் ஒரே நேரத்தில் கையில் இருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரரிடம் இருக்கும். மாலையில் கூலி வாங்கி, அன்றைய இரவுக்கும் மறுநாள் காலைக்கும் மட்டும் சாமான் வாங்கிப் போகிற கொத்தனாரிடமும் சித்தாளிடமும் இராது. அவர்களுக்காகத்தான் தெருக்கடைக்காரர் நூறு கிராம் துவரம்பருப்பைப் பொட்டலம் கட்டுகிறார், பத்து ரூபாய்க்குப் புளி நிறுக்கிறார். கிலோக் கணக்கில் பார்த்தால் அந்தப் பருப்பு சற்று விலை கூடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஒரு பொருள் மலிவாகக் கிடைப்பதைவிட, கையில் இருக்கிற காசுக்குக் கிடைப்பதே அந்த வீட்டில் உலை வைக்க உதவுகிறது.

கையில் காசே இல்லாத நாளும் உண்டு. அந்த நாளுக்காகக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கடன் நோட்டு இருக்கிறது. அதில் முழுப் பெயரையோ முகவரியையோ தேடினால் கிடைக்காது. 'மாடி வீட்டு அக்கா', 'பால்காரர் மருமகன்' என்றுதான் எழுதியிருக்கும். பிணை கிடையாது, வட்டியும் கிடையாது. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, வங்கி அட்டை வைத்திருந்தவர்கள் பேரங்காடிக்குப் போனார்கள். அட்டை இல்லாத எத்தனையோ வீடுகளுக்கு அரிசியும் பருப்பும் இந்தக் கடன் நோட்டின் பேரில்தான் போயின. மொத்த வியாபாரிக்குக் கொடுக்கக் கடைக்காரரிடமும் அப்போது பணமில்லை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. பாக்கியைத் தீர்க்காமலே வீடு மாறிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த நட்டம் அவர் தலையில்தான் விடிகிறது.

பொருள்கள் அதிகம் என்றார் நண்பர். யாருடைய பொருள்கள்? 2012 செப்டம்பரில், பல நிறுவனப் பொருள்களை விற்கும் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு வரை அந்நிய முதலீட்டை மத்திய அரசு அனுமதித்தபோது, உற்பத்திப் பொருள்களின் கொள்முதலில் 30 விழுக்காட்டையேனும் இந்தியச் சிறுதொழில்களிடமிருந்து வாங்க வேண்டும் என்று நிபந்தனையும் விதித்தது. கட்டாயப்படுத்தாவிட்டால் பெரிய கடைகள் சிறிய உற்பத்தியாளரைத் திரும்பிப் பார்க்க மாட்டா என்று அரசே கருதியதாகத்தான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். தமிழ்நாடு அரசோ அந்த அனுமதியையே அன்று ஏற்கவில்லை.

தெருமுனைக் கடைக்கு இப்படியொரு நிபந்தனை தேவைப்பட்டதில்லை. 1983இல் கடலூரில் சி.கே. ரங்கநாதன் சிறு முதலீட்டில் தொடங்கிய சிக் ஷாம்பு, பெட்டிக்கடைகளில் சரம்சரமாகத் தொங்கித்தான் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. கெவின்கேர் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது அதுதான். இன்றும் பக்கத்துத் தெருவில் அப்பளம் இடுகிற ஒரு பெண், "நாலு கட்டு வச்சிருங்க அண்ணாச்சி, வித்ததும் காசு குடுங்க" என்று சொல்லிக் கடையில் வைத்துவிட்டுப் போக முடிகிறது. அதே பெண் பேரங்காடியின் அடுக்கில் இடம் பிடிக்க பார்கோடு வேண்டும், ஜிஎஸ்டி எண் கேட்பார்கள், பல இடங்களில் அடுக்குக்கென்று தனிக் கட்டணமும் கட்ட வேண்டியிருக்கும். அப்பளத்தின் ருசியைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வரும்.

அடுத்துப் பேசவிருக்கும் எதிரணி அம்மையார், பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும் செயலிகளைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்க்கிறேன். அவரிடம் ஒன்றைக் கேட்டு அமர்கிறேன். முதலீட்டாளர் பணத்தை இறைத்து இன்று தள்ளுபடி தருகிற அந்தச் செயலிகள், நம் தெருவின் மளிகைக் கடைகள் எல்லாம் பூட்டப்பட்ட மறுமாதமும் அதே விலைக்குத் தரும் என்று அவரால் உறுதி சொல்ல முடியுமா? முடியுமென்றால், யாருடைய பொறுப்பில்? நன்றி, வணக்கம்.