நாள் தவறாத முயல்

எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்கிறேன். புல்நுனியில் நிற்பதும் நமக்குப் பனிதான், மார்கழி விடியலில் தெருவை மறைப்பதும் பனிதான், இமயமலை உச்சியில் கிடப்பதும் பனிதான். இன்று நான் பனி என்று சொன்னால், பஞ்சு மாதிரி வானத்திலிருந்து விழுந்து, மாதக்கணக்கில் தரையை மூடிக் கிடக்கிற பனி.

இப்போது திரையைப் பாருங்கள். ஊசியிலைக் காடு. தரையெல்லாம் பழுப்புச் சருகு, ஈர மண், ஒடிந்த சுள்ளி. நடுவில் சுண்ணாம்பு அடித்தது மாதிரி ஒரு முயல். காதை முதுகோடு ஒட்டி மடக்கிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. பின்வரிசையில் இருப்பவர்களுக்கும் தெரிகிறதா? தெரியும். அதுதான் பிரச்சினையே. தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் அது உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு ஸ்னோஷூ முயல் என்று பெயர். கனடா, அலாஸ்கா, அமெரிக்காவின் வடபகுதி மலைகள் இதன் ஊர். பனியில் கால் புதையாமல் நடப்பதற்காக அங்கே மனிதர்கள் செருப்புக்கு அடியில் அகலமான சட்டம் ஒன்றைக் கட்டிக்கொள்வார்கள். இந்த முயலின் பின்பாதமே அப்படி அகலமானது, அதனால் அந்தப் பெயர். இது வளை தோண்டுவதில்லை. லின்க்ஸ் என்னும் காட்டுப்பூனை, கயோட்டி என்னும் ஓநாய்ச் சாதி விலங்கு, பெரிய கொம்பு ஆந்தை என்று ஒரு கூட்டமே இதைத் தின்றுதான் வாழ்கிறது. வயதாகிச் சாகிற ஸ்னோஷூ முயல் மிக அபூர்வம். ஓடுவதற்குக் கால் இருக்கிறது, ஒளிவதற்குத் தன் நிறத்தை விட்டால் வேறு இடம் கிடையாது.

அந்த நிறத்தை ஆண்டுக்கு இருமுறை மாற்றிக்கொள்கிறது. பச்சோந்தி மாதிரி நொடியில் நடக்கிற காரியம் இல்லை. பழைய உரோமம் உதிர்ந்து புது உரோமம் முளைக்க வேண்டும், பல வாரங்கள் ஆகும். இலையுதிர்காலத்தில் பாதமும் காதும் முதலில் வெளுக்கும், முதுகு கடைசி. வசந்தத்தில் தலைகீழ். தலையும் முதுகும் பழுப்பாகிவிட்ட பிறகும் கால் மட்டும் வெள்ளை சாக்ஸ் போட்டது மாதிரி கொஞ்ச நாள் நிற்கும்.

சரி, மாறவேண்டிய நாள் வந்துவிட்டது என்று முயலுக்கு யார் சொல்வது? குளிர் சொல்லும், பனி சொல்லும் என்றுதான் நாம் நினைப்போம். இல்லை, பகலின் நீளம் சொல்கிறது. இரவு நீள நீள, மூளைக்குள் இருக்கும் பீனியல் சுரப்பி மெலடோனின் என்ற ஹார்மோனை அதிக நேரம் சுரக்கும். உடம்பு அதை வைத்துத்தான் மாதத்தைக் கணக்கிடுகிறது. சைபீரிய ஹாம்ஸ்டர் என்ற சின்ன எலியை ஆய்வகத்தில் வைத்து, அறையைக் குளிர்விக்காமல் விளக்கு எரியும் நேரத்தை மட்டும் குறைத்தால் போதும். சில வாரங்களில் அது குளிர்கால வெள்ளைக்குப் போய்விடும்.

ஆடிப் பட்டம் தேடி விதை என்று நம்மூரில் சொல்கிறோம். ஆடி பிறப்பது சூரியக் கணக்கு, நாள் தவறாது. மழை வருவது வேறு கணக்கு. இரண்டும் ஒத்துப்போகிற வரைக்கும் பழமொழி பலிக்கும். முயலின் உடம்பில் இருப்பதும் சூரியப் பஞ்சாங்கம்தான். பூமி சூடாவதால் பனி பிந்தி விழுகிறது, முந்தி உருகுகிறது. பகலின் நீளம் மட்டும் அப்படியே இருக்கிறது. முயல் சரியான தேதிக்கு வெள்ளை உடுத்திக்கொண்டு வந்துவிடுகிறது, பனியைத்தான் காணோம்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஸ்காட் மில்ஸ் என்ற உயிரியலாளரின் குழு முயல்களின் கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, வாரந்தோறும் தேடிப்போய்ப் பார்த்தது. உடம்பில் எத்தனை சதவீதம் வெள்ளை, சுற்றியுள்ள தரையில் எத்தனை சதவீதம் பனி என்று இரண்டையும் குறித்துக்கொண்டார்கள். அலுப்பூட்டும் வேலை, ஆனால் விடை அதில்தான் கிடைத்தது. பனியின் அளவு ஆண்டுக்கு ஆண்டு வெகுவாக மாறியது. நிறம் மாறத் தொடங்கிய தேதியோ மாறவில்லை. வசந்தத்தில் மட்டும், பனி நீடித்தால் பழுப்பாகும் வேகத்தைக் கொஞ்சம் தணிக்க முடிந்தது. 2013-இல் இது வெளியானது. 2016-இல் மார்கெட்டா ஸிமோவா என்ற ஆய்வாளரும் மில்ஸும் அடுத்த கணக்கைப் போட்டார்கள். தரையோடு நிறம் பொருந்தாத முயல், அந்த வாரத்தைத் தாண்டி உயிரோடு இருக்கும் வாய்ப்பு 7 சதவீதம் வரை குறைகிறது. ஒரு வாரத்துக்கு 7 என்றால் சின்ன எண் மாதிரி தோன்றும். வாரங்கள் சேரச் சேரத்தான் அது உறைக்கும்.

முயல் ஏதாவது தந்திரம் செய்யக்கூடாதா, மிச்சமிருக்கும் பனித்திட்டில் போய் உட்காரக்கூடாதா என்று கேட்பீர்கள். அதையும் பார்த்தார்கள். அப்படியொன்றும் செய்வதாகத் தெரியவில்லை. இந்த விஷயத்தில் டார்மிகன் என்ற கோழியினப் பறவை கெட்டிக்காரப் பறவை. ஆர்க்டிக் பகுதியில் பனி உருகிய பிறகும் சேவல் பெட்டையைக் கவர வெள்ளையாகவே திரியும். பெட்டை முட்டையிடத் தொடங்கியதும், அழகு காட்டும் வேலை முடிந்தது என்று சேற்றில் புரண்டு இறகையெல்லாம் அழுக்காக்கிக்கொள்ளும். சவுக்காரம் வேண்டாத சலவை, தலைகீழாக!

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நான் சாதிக்கக் கூடாது. அதனால் எதிர்ச்சாட்சி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கனடாவின் யூகான் பகுதியில் நடந்து 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், இலையுதிர்காலத்தில் முந்தி வெளுத்த முயல்கள் பழுப்பு முயல்களைவிட நன்றாகவே பிழைத்திருந்தன. காரணம், வெள்ளை உரோமம் அடர்த்தியானது. குளிர் குறைவாகத் தாக்குவதால் இரை தேடி வெளியே அலையும் நேரம் குறைகிறது, எதிரி கண்ணில் படுவதும் குறைகிறது. கடுங்குளிர் ஊரின் கணக்கு வேறு, மொன்டானாவின் கணக்கு வேறு.

ஸ்காட்லாந்தில் இன்னொரு விதம். அங்குள்ள மலைமுயல், 1950-களோடு ஒப்பிட்டால், ஆண்டுக்கு 35 நாள் கூடுதலாகத் தரைக்குப் பொருந்தாத நிறத்தில் இருக்கிறது. அத்தனை ஆண்டுகளில் நிறம் மாறும் தேதி நகரவே இல்லை. அங்கே முயலைத் தின்னும் விலங்குகளை மனிதர்கள் வெகுவாகக் குறைத்துவிட்டதால், தவறான நிறத்துக்குத் தண்டனை கிடைக்கவில்லை, அதனால்தான் மாற்றமும் வரவில்லை என்பது ஆய்வாளர்களின் ஊகம். எனக்கு இதில் நியாயம் தெரிகிறது.

அப்புறம் என்னதான் வழி? வழி முயலுக்குள்ளேயே கொஞ்சம் இருக்கிறது. பசிபிக் கரையோரம், பனி அதிகம் தங்காத இடங்களில், ஸ்னோஷூ முயல் குளிர்காலத்திலும் பழுப்பாகவே இருக்கிறது. அகூட்டி என்ற ஒரே மரபணுதான் வித்தியாசம். 2018-இல் வெளியான ஆய்வின்படி, அந்தப் பழுப்பு வடிவம் ஸ்னோஷூ முயலின் சொந்தச் சொத்தே இல்லை. எப்போதோ கருவால் ஜாக்ராபிட் என்ற வேறு முயலினத்தோடு கலந்தபோது வந்து சேர்ந்தது. வடக்கு அட்லாண்டிக்கின் ஃபாரோ தீவுகளில் 1855-இல் நார்வேயிலிருந்து கொண்டுவந்து விட்ட மலைமுயல்கள் ஆரம்பத்தில் குளிர்காலத்தில் வெளுத்தன. சில பத்தாண்டுகளிலேயே வெள்ளை ஒழிந்தது. இன்று அங்கே குளிர்காலத்திலும் சாம்பலும் பழுப்பும்தான்.

தீவு சின்னது, வேலை சீக்கிரம் முடிந்தது. மொன்டானா அப்படியில்லை. வெள்ளையும் பழுப்பும் கலந்து வாழ்கிற கேஸ்கேட் மலைத்தொடர் மேற்கே வெகுதூரத்தில் இருக்கிறது. அந்த மரபணு தலைமுறை தலைமுறையாகத் தத்தித் தத்தித்தான் கிழக்கே வரவேண்டும். நடுவில் நெடுஞ்சாலை இருக்கிறது, மரம் வெட்டி மொட்டையான சரிவு இருக்கிறது, லின்க்ஸும் இருக்கிறது. கலப்புள்ள காடுகளையும் அவற்றை இணைக்கும் காடுகளையும் விட்டுவைக்கச் சொல்லி மில்ஸ் குழு வரைபடமே போட்டுக் கொடுத்திருக்கிறது. அடுத்த படம் அதுதான். விளக்கை இன்னும் போட வேண்டாம்.