டிரவுட்டா, வேறு மீனா?

வணக்கம் நேயர்களே. நீலகிரி ஓடைகளில் டிரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பிடிக்கிறவர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்பது, "சார், இது என்ன மீன்? இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லையே" என்றுதான். நானும் வழக்கமாக ஒரே பதிலைத்தான் சொல்வேன்: நிறத்தை விடுங்கள், வாலைப் பாருங்கள்.

டிரவுட் நம் மலைக்குச் சொந்த மீன் இல்லை. 1860களில் மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டே கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. 1907இல் எச்.சி. வில்சன் நீலகிரியின் அவலாஞ்சியில் மீன்குஞ்சு பொரிப்பகம் அமைத்தார், அதன் பிறகுதான் காரியம் கைகூடியது. நிலைத்து நின்றது, விலாவில் ரோஜா நிறப் பட்டை ஓடும் வானவில் டிரவுட். ஆகவே இங்கே வினோதமாக ஒன்று தூண்டிலில் மாட்டினால், வேஷம் மாறிய வானவில்லா என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

நீலகிரியில் எமரால்டு ஊர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர், முறையாக அனுமதிச் சீட்டு வாங்கி மீன் பிடிப்பவர், கைபேசியில் ஒரு படம் அனுப்பினார். உள்ளங்கை நீள மீன். மை தொட்ட கட்டைவிரலை வரிசையாகப் பதித்ததுபோல் விலா நெடுக நீலச்சாம்பல் திட்டுகள். "புது இனம்தானே சார்?" என்று கேட்டிருந்தார். வால் எங்கே தம்பி என்றால், படத்தில் அது வெட்டுப்பட்டிருக்கிறது! எல்லோரும் இப்படித்தான், முகத்தை மட்டும் அழகாக எடுப்பார்கள். வேறு படம் கேட்டு வாங்கினேன். வால் முழுக்கப் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள். வாலில் இப்படிப் புள்ளி இருந்தால் வானவில்லின் குஞ்சுதான். சின்ன வயதில் அந்தத் திட்டுகள் இருக்கும், வளர வளர மங்கிவிடும். தம்பிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

விட்டாரா? அடுத்து அணையில் பிடித்த பெரிய மீன் ஒன்றின் படம் வந்தது. பளபளவென்று வெள்ளி நிறம், விலாவில் அந்த ரோஜாப் பட்டையே தெரியவில்லை. இந்தத் தடவை வாலும் படத்தில் இருந்தது. அதிலும் புள்ளிகள். அதுவும் வானவில்தான்! ஓடையில் இருந்தால் கறுக்கும், திறந்த பெருநீரில் வெள்ளியாக மின்னும், முட்டையிடும் பருவத்தில் சிவக்கும். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவில் எலுமிச்சை மஞ்சளாகக்கூட ஒரு டிரவுட் உண்டு. 1950களில் பொரிப்பகத்தில் மஞ்சள் கலந்த ஒரு குஞ்சு கிடைக்க, அதிலிருந்து பெருக்கி 1963இல் ஆறுகளில் விட்டார்கள். இனம் பார்த்தால் அதுவும் வானவில்லே. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், நிறத்தை நம்பாதீர்கள்.

டிரவுட்டில் வேறு வகைகளும் உண்டு. பழுப்பு டிரவுட் என்றால் வாலில் புள்ளி அநேகமாக இருக்காது. விலாவில் சிவப்புப் புள்ளிகள் இருக்கும், அவற்றைச் சுற்றி வெளிறிய வளையம் தெரியும். புரூக் டிரவுட் நேர்மாறு: கரிய உடம்பில் வெளிர் புள்ளிகள், அடித்துடுப்புகளின் ஓரத்தில் வெள்ளைக் கோடு.

சரி, பிடித்தது டிரவுட்தானா என்பதே சந்தேகமா? முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே, முள்ளே இல்லாமல் சதைத் துணுக்காக ஒரு குட்டித் துடுப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கொழுப்புத் துடுப்பு என்பார்கள். நம் மலை ஓடைகளில் விலாவில் பட்டை போட்ட கெண்டைக் குடும்பத்துச் சிறுமீன் ஒன்று உண்டு. டிரவுட் குஞ்சு என்று பலர் ஏமாறுவது அதனிடம்தான். அதற்கு இந்தத் துடுப்பு கிடையாது. சில கெளுத்திகளுக்கு உண்டே என்பீர்கள். உண்டு, ஆனால் கெளுத்திக்கு மீசை இருக்கும், செதில் இருக்காது.

அப்புறம் புலி டிரவுட்டைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நிலையக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், பெண் பழுப்பும் ஆண் புரூக்கும் கலந்து பிறப்பது அது. உடம்பெல்லாம் நெளிநெளியாகக் கோடு, குஞ்சு பொரிக்காத மலட்டு மீன். இன்னொன்று, மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை பட்டால் மேலே இருக்கும் வழுவழுப்பு உரிந்துவிடும், திரும்ப ஆற்றில் விட்டாலும் நோய் பிடிக்கும். நன்றி, வணக்கம்.