அந்த ‘எஸ்’ எங்கே போச்சு?

நேயர்களுக்கு வணக்கம்.

ஆங்கில வினைச்சொற்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், பள்ளியில் ‘கோ, வென்ட், கான்’ என்று மனப்பாடம் செய்த பட்டியல்தான் பலருக்கு நினைவு வந்திருக்கும். அந்தப் பட்டியலை இன்றைக்கு நான் தொடப்போவதில்லை. அது மனப்பாடம் செய்ய வேண்டியதுதான், வேறு வழியில்லை. நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. ஆங்கில வாக்கியத்தின் வினைத்தொடரில், நடந்ததா நடக்கிறதா என்கிற காலம் ஒரே ஒரு இடத்தில்தான் உட்காரும். வினைத்தொடரின் முதல் சொல்தான் அந்த இடம். இது மனதில் பதிந்துவிட்டால் கேள்வி கேட்பது, மறுத்துச் சொல்வது, சுருக்கமாகப் பதில் சொல்வது எல்லாம் அங்கிருந்தே பிடிபட்டுவிடும். காகிதம், பேனா எதுவும் வேண்டாம். அடுப்படியில் நின்றுகொண்டே கேட்கலாம். நான் சொல்லும் வாக்கியங்களைக் கூடவே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் இன்னும் நல்லது.

வேலைக்குப் போகிறவர்களுக்காகச் சில காலம் மாலை வகுப்பு எடுத்தேன். தையற்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் நேரே கடையிலிருந்து வருவாள். கழுத்தில் அளவு டேப்பு அப்படியே தொங்கும். ஒருநாள் கரும்பலகையில் ‘மை மதர் ஒர்க்ஸ் இன் எ மில்’ என்று எழுதினேன். என் அம்மா மில்லில் வேலை செய்கிறார். அதன் கீழே, ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வதில்லை என்பதற்கு ‘ஷீ டஸ் நாட் ஒர்க் ஆன் சண்டே’ என்று எழுதினேன். எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பெண் மட்டும் எழுதவில்லை. இரண்டு வரியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள், “டீச்சர், மேல ‘ஒர்க்ஸ்’னு இருக்கே, கீழ வெறும் ‘ஒர்க்’தான் இருக்கு. அந்த ‘எஸ்’ எங்க போச்சு?”

“நீயே தேடிப் பாரும்மா” என்றேன். எழுந்து பலகைக்கு வந்தாள். மேல் வரியில் இருந்த ‘எஸ்’ மேல் விரலை வைத்தாள். விரலைக் கீழே இறக்கி ‘ஒர்க்’ பக்கம் கொண்டுபோனாள், அங்கே இல்லை. இடது பக்கமாக நகர்த்தி ‘டஸ்’ என்ற சொல்லில் கொண்டுபோய் நிறுத்தினாள். “இங்க இருக்கு டீச்சர். ‘டூ’வோட போய் ஒட்டிக்கிச்சு.” பின்வரிசையிலிருந்து இன்னொருவர், “அப்ப ‘டிட்’டுக்கு என்ன கணக்கு?” என்றார். அவளே பதில் சொன்னாள். “‘ஒர்க்ட்’ல இருந்த அந்த ‘ட்’டுதான் ‘டூ’வோட சேர்ந்து ‘டிட்’ ஆயிருக்கும். அதனாலதான் ‘டிட் நாட் ஒர்க்’. திரும்ப ‘ஒர்க்ட்’னு போட்டா ரெண்டு தடவை ஆயிடும்ல?”

நேயர்களே, இதை நான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன். அந்தப் பெண் கண்டுபிடித்தது ஆங்கில வினைத்தொடரின் அடிப்படை விதி. ‘ஐ டிட் நாட் கேம்’, ‘டிட் யூ வென்ட்?’, ‘ஷீ டஸ் நாட் நோஸ்’ என்றெல்லாம் நாம் தினமும் காதில் கேட்கிறோமே, அத்தனைக்கும் அவள் விரல் போன பாதையில் பதில் இருக்கிறது. காலம் ஒரு தடவைதான். ‘டிட்’ வந்துவிட்டதா? இறந்தகாலம் சொல்லியாகிவிட்டது. அடுத்த சொல் வெறும் ‘கம்’, வெறும் ‘கோ’.

இது நமக்குப் புதிய விதியா என்றால், இல்லவே இல்லை. ‘வந்தேன்’ என்பதை மறுத்துச் சொல்லும்போது யாராவது ‘வந்தேன்வில்லை’ என்கிறோமா? ‘வரவில்லை’ என்கிறோம். ‘வந்தேன்’ என்பதிலிருந்த காலத்தையும் ஆளையும் கழற்றிவிட்டு வெறும் ‘வர’ என்று ஆக்கித்தான் ‘இல்லை’யைச் சேர்க்கிறோம். ‘டிட் நாட் கம்’ என்பதில் ‘கம்’ வெறுமனே நிற்பதும் இதே போலத்தான். ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் காலமும் ஆளும் கடைசியில் வரும் ‘கிறேன்’ என்ற துண்டில் மட்டும்தான் இருக்கிறது. ‘வந்தேன்கொண்டிருக்கிறேன்’ என்று பேசப் பழகும் குழந்தைகூடச் சொல்லாது.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? நமக்கு இன்ஜின் ரயிலின் கடைசியில் இருக்கிறது, ஆங்கிலத்துக்கு முன்னால் இருக்கிறது. அவ்வளவுதான். நான் ரொம்ப நாளாக எல்லாரிடமும் காட்டி மகிழ்கிற உதாரணம் ஒன்று உண்டு. ‘ஷீ குட் ஹாவ் பீன் ஒர்க்கிங்.’ இதைத் தமிழில் எப்படிச் சொல்வோம்? ‘அவள் வேலை செய்துகொண்டிருந்திருக்கலாம்.’ இப்போது தமிழ்ச் சொல்லைப் பின்னாலிருந்து பிரித்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் ‘லாம்’, அதுதான் ‘குட்’. அதற்கு முன்னால் ‘இருக்க’, அதுதான் ‘ஹாவ்’. அதற்கு முன்னால் ‘கொண்டிருந்து’, அதுதான் ‘பீன்’, கூடவே அந்த ‘இங்’. முதலில் ‘செய்’, அதுதான் ‘ஒர்க்’. அப்படியே தலைகீழ்! வரிசை ஒன்றுகூடப் பிசகவில்லை. இவ்வளவு நீளமான சொல்லை மூச்சுவிடாமல் சொல்லத் தெரிந்த நமக்கு, ஆங்கிலத்தின் நாலு துணைவினைகளைப் பார்த்துப் பயப்பட என்ன இருக்கிறது?

துணைவினைகள் வரும் வரிசையும் மாறாது. ‘கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட்’ என்கிற கூட்டத்திலிருந்து ஒன்று வந்தால் அதுதான் முதலில். அப்புறம் ‘ஹாவ்’. அப்புறம் ‘பீ’. ஒவ்வொன்றும் தனக்கு அடுத்து வரும் சொல்லின் உருவத்தைத் தீர்மானிக்கிறது. ‘கேன்’ வந்தால் அடுத்தது வெறும் வினை. ‘ஹாவ்’ வந்தால் அடுத்தது பட்டியலின் மூன்றாவது வடிவம், ‘கான்’, ‘டன்’, ‘பீன்’ மாதிரி. தொடர்ந்து நடப்பதைச் சொல்லும் ‘பீ’ வந்தால் அடுத்தது ‘இங்’. 1957இல் அமெரிக்க மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி ஒரு சின்ன நூலில் இந்த வரிசை முழுவதையும் ஒரே விதியாக எழுதிக் காட்டினார். ‘இங்’ என்பது உண்மையில் ‘பீ’யோடு பிறந்தது, பக்கத்துச் சொல்லுக்குத் தாவி ஒட்டிக்கொள்கிறது என்பது அவர் விளக்கம். ‘எஸ்’ தாவுவதை விரல் வைத்துக் காட்டிய அந்தப் பெண்ணுக்கு சாம்ஸ்கி பெயர் தெரியாது. ஆனால் அவள் பார்த்ததும் இதே தாவலைத்தான்.

இனி கேள்விக்கு வருவோம். முதல் துணைவினையைத் தூக்கி எழுவாய்க்கு முன்னால் வையுங்கள். ‘ஷீ கேன் ட்ரைவ்’, ‘கேன் ஷீ ட்ரைவ்?’ ‘தே ஹாவ் ஈட்டன்’, ‘ஹாவ் தே ஈட்டன்?’ மறுக்க வேண்டுமா, அதே முதல் சொல்லுக்குப் பின்னால் ‘நாட்’. சுருக்கமான பதிலா, அதே சொல்: ‘யெஸ், ஷீ கேன்.’ நாம் ‘தானே’, ‘இல்லையா’ என்று முடிப்போமே, அதற்கும் அதே சொல்: ‘ஷீ கேன் ட்ரைவ், கான்ட் ஷீ?’ ‘தே ஹாவ் ஈட்டன், ஹாவின்ட் தே?’ நமக்கு எல்லா வாக்கியத்துக்கும் ஒரு ‘இல்லையா’ போதும் என்பதால், ஆங்கிலத்திலும் எல்லாவற்றுக்கும் ‘இஸின்ட் இட்’ போட்டுவிடுகிறோம். நமக்குள் பேசும்போது யாருக்கும் புரியாமல் போவதில்லை. தேர்விலும் நேர்முகத்திலும் மட்டும் முதல் சொல்லைத் திரும்பிப் பாருங்கள்.

சரி, ‘ஷீ ஒர்க்ஸ்’ மாதிரி துணைவினையே இல்லாத வாக்கியத்தில் எதைத் தூக்கி முன்னால் வைப்பது? அங்கேதான் ‘டூ’ வருகிறது. அதற்கு அந்த இடத்தில் தனக்கென்று எந்தப் பொருளும் இல்லை. இன்ஜின் இல்லாத இடத்தில் இன்ஜினாக நிற்பது மட்டும்தான் அதன் வேலை. காலத்தையும் ‘எஸ்’ஸையும் வாங்கிக்கொண்டு ‘டஸ்’, ‘டிட்’ என்று நிற்கும். ‘இஸ்’, ‘வாஸ்’ இருந்தால் ‘டூ’ வேண்டாம், அவையே முன்னால் போகும்.

ஆங்கிலேயர்களே எப்போதும் இப்படிப் பேசியவர்கள் இல்லை. ஷேக்ஸ்பியருக்குச் சற்று முந்தைய கால ஆங்கிலத்தில் வினைக்கு நேரே பின்னால் ‘நாட்’ போட்டார்கள். ஷேக்ஸ்பியர் காலத்தில் பழையதும் புதியதும் கலந்து ஓடின. இங்கிலாந்தில் 1611இல், ஜேம்ஸ் மன்னர் காலத்தில் வெளிவந்த பைபிளில் இதற்கு அழகான சாட்சி இருக்கிறது. காட்டுப் பூக்களைப் பற்றிய வசனம், மத்தேயு 6ஆம் அதிகாரம். ‘அவைகள் உழைக்கிறதுமில்லை, நூற்கிறதுமில்லை’ என்று தமிழில் கேட்டிருப்பீர்கள். ஆங்கிலத்தில் ‘தே டாயில் நாட், நெய்தர் டூ தே ஸ்பின்.’ கவனித்தீர்களா? முதல் பாதியில் ‘டூ’ இல்லை, ‘டாயில் நாட்’ என்ற பழைய முறை. இரண்டாம் பாதியில் ‘டூ தே ஸ்பின்’. மொழி மாறிக்கொண்டிருந்த காலம் ஒரே வசனத்துக்குள் நிற்கிறது. இன்னொன்றும் சொல்கிறேன். ‘பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது’ என்பதற்கு இன்று ‘தி பிரிட்ஜ் இஸ் பீயிங் பில்ட்’ என்கிறார்கள். இந்த ‘இஸ் பீயிங்’ 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் எழுத்தில் தலைகாட்டியது. அதற்கு முன்னால் ‘தி பிரிட்ஜ் இஸ் பில்டிங்’ என்றுதான் எழுதினார்கள். புதியது வந்தபோது அங்கே இலக்கணக்காரர்கள் பலர் முகம் சுளித்தார்கள். இன்று அதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

வாக்கிய அமைப்புக்கு வருகிறேன், நேரம் ஓடுகிறது. ‘நாய் மனிதனைக் கடித்தது’, ‘மனிதனை நாய் கடித்தது’, எப்படிச் சொன்னாலும் நமக்கு ஒன்றுதான். அந்த ‘ஐ’ உருபு காப்பாற்றிவிடும். ஆங்கிலம் பழைய காலத்தில் இருந்த அத்தகைய விகுதிகளைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. அதனால் யார் கடித்தது என்பதை இடம்தான் சொல்ல வேண்டும். கட்டளை வாக்கியத்தைத் தவிர மற்றவற்றில் எழுவாயும் கட்டாயம், வினையும் கட்டாயம். ‘அவர் டாக்டர்’ என்று வினையே இல்லாமல் நாம் முடித்துவிடுவோம், அங்கே ‘இஸ்’ வேண்டும். மழை பெய்தால்கூட எதையும் சுட்டாத ஒரு ‘இட்’டைக் கொண்டுவந்து எழுவாயாக நிறுத்தி ‘இட் இஸ் ரெய்னிங்’ என்கிறார்கள்.

பள்ளியில் வாக்கியத்தின் எழுவாய், வினை, செயப்படுபொருள் முதலான உறுப்புகளுக்கு ‘எஸ், வி, ஓ, சி, ஏ’ என்று எழுத்துப் போட்டு மார்க் வாங்கியிருப்பீர்கள். எழுத்துப் போடச் சொல்லித்தரும் அளவுக்கு, அந்த எழுத்துகளைத் தீர்மானிப்பது வினைதான் என்று சொல்லித்தருவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ‘ஸ்லீப்’ எதையும் கேட்காது, ‘தி பேபி ஸ்லெப்ட்’ என்றால் முடிந்தது. ‘பை’ என்றால் எதை வாங்கினாய் என்று கேட்கும். ‘கிவ்’ இரண்டு கேட்கும், யாருக்கு, எதை. ‘புட்’ இருக்கிறதே, பொருளையும் கேட்கும், வைக்கும் இடத்தையும் கேட்கும். ‘ஐ புட் தி புக்’ என்று நிறுத்தினால் அது பாதி வாக்கியம். ‘ஐ புட் தி புக் ஆன் தி டேபிள்’ என்றால்தான் முழுசு. ஒரு புதிய வினையைக் கற்கும்போது அது என்னென்ன கேட்கும் என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். அகராதியில் உதாரண வாக்கியம் போடுவது அதற்காகத்தான்.

‘புட் ஆஃப்’, ‘புட் அவுட்’ மாதிரியான இரட்டை வினைகளுக்கு என்று கடைசிப் பகுதியை ஒதுக்கி வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடுவது. ‘புட் ஆஃப் தி மீட்டிங்’, ‘புட் தி மீட்டிங் ஆஃப்’, இரண்டும் சரி. ஆனால் ‘இட்’ வந்தால் அது நடுவில்தான் நிற்கும்: ‘புட் இட் ஆஃப்’. பொறுத்துக்கொள்வதைச் சொல்லும் ‘புட் அப் வித்’ அப்படி இல்லை, அதில் ‘இட்’ கடைசிக்குத்தான் போகும்: ‘புட் அப் வித் இட்’.

வணக்கம்.