நூலகத்தை யார் வரைவது?

(கல்லூரி, பல்கலைக்கழக நூலகர்களுக்கான பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நூலகத்தைப் புதுப்பிக்கப் பணம் வந்துவிட்டால் நம் வளாகங்களில் என்ன நடக்கும் என்பது இங்கே அமர்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஒரு குழு அமைப்பார்கள். பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஒருவர், கட்டடப் பிரிவிலிருந்து ஒருவர், மூத்த பேராசிரியர்கள், நூலகர். மேசை எத்தனை, நாற்காலி எத்தனை, குளிர்சாதனம் எத்தனை டன் என்று பட்டியல் போட்டு ஒப்பந்தப்புள்ளி கோருவார்கள். அந்த நாற்காலியில் மூன்று, நான்கு ஆண்டுகள் உட்காரப்போகிற மாணவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டாலும் ஒரு படிவத்தை நீட்டுவார்கள். ‘நூலக வசதிகள் திருப்தியாக உள்ளனவா? ஆம், ஓரளவு, இல்லை.’ அந்தப் பதில்களைக் கொண்டு ஒரு மேசையைக்கூட இடம் மாற்ற முடியாது.

வேறு விதமாகக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ரோச்செஸ்டர் பல்கலைக்கழக நூலகம், நான்சி ஃபிரைட் ஃபாஸ்டர் என்ற மானிடவியலாளரைப் பணியில் அமர்த்திக்கொண்டது. தொலைதூரச் சமூகங்களின் வாழ்க்கையைக் கூடவே இருந்து கவனிப்பதற்காக வளர்ந்த ஒரு துறையை, தன் வாசலுக்கு வரும் மாணவர்களைப் புரிந்துகொள்ள அந்த நூலகம் பயன்படுத்தியது. 2004 முதல் 2006 வரை இளநிலை மாணவர்களை ஆராய்ந்தார்கள். ஃபாஸ்டரும் சூசன் கிப்பன்ஸும் அந்த ஆய்வைத் தொகுத்து 2007இல் நூலாக வெளியிட்டார்கள். அவர்கள் எழுப்பிய கேள்வி மிக எளியது: கட்டுரை எழுதச் சொன்னால் மாணவர் உண்மையில் என்ன செய்கிறார்?

அதற்கு அவர்கள் கையாண்ட வழிகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மாணவர் கையில் ஒரு கேமராவைக் கொடுத்தார்கள். கூடவே ஒரு பட்டியல். நீ எப்போதும் கையில் வைத்திருக்கும் பொருள்கள், உன் புத்தகங்கள் இருக்கும் இடம், படிக்க உனக்குப் பிடித்த இடம், நூலகத்தில் வழி தெரியாமல் நீ திகைக்கும் இடம். இவற்றையெல்லாம் படம் எடுத்து வா என்றார்கள். பிறகு அந்தப் படங்களை முன்னால் வைத்துக்கொண்டு பேசினார்கள். ‘நூலகத்தில் குறை என்ன?’ என்று நேரடியாகக் கேட்டால் மின்விசிறி, கழிப்பறை என்று இரண்டு சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். தான் எடுத்த படத்தைக் காட்டும்போது, எந்த மாணவரும் அது எங்கே, எப்போது, ஏன் என்று விரிவாகப் பேசுவார்.

இன்னொரு வழி வரைபட நாட்குறிப்பு. வளாகத்தின் வரைபடத்தைக் கையில் கொடுத்து, ஒரு நாள் முழுவதும் எத்தனை மணிக்கு எங்கே போனாய், என்ன செய்தாய் என்று குறிக்கச் சொன்னார்கள். மாணவர்களின் பகல் வகுப்பிலும் வேலையிலும் கழிகிறது. படிப்பும் எழுத்தும் இரவில்தான் சூடுபிடிக்கின்றன. உதவ வேண்டிய நூலகர்களோ மாலையில் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இதை அறிந்த பிறகு, சில நூலகர்கள் இரவிலும் இருந்து பார்த்தார்கள். கட்டுரை எழுதத் தடுமாறும் பிள்ளைகள் நூலகரைத் தேடாமல் பெற்றோரைத் தொலைபேசியில் அழைக்கிறார்கள் என்பதும் தெரியவந்தது. அதன் பிறகு, புதிய மாணவர் சேர்க்கையின்போது பெற்றோருக்குக் காலை விருந்து வைத்து, ‘பிள்ளை உங்களிடம் கேட்டால் எங்களிடம் அனுப்புங்கள்’ என்று நூலகம் சொல்லத் தொடங்கியது. சுவர் எதையும் இடிக்காமல் செய்த இந்த மாற்றம் என்னை மிகவும் கவர்ந்தது.

சுவர் எழுப்பும் வேலையும் வந்தது. புதிதாக ஒரு படிப்புக்கூடம் அமைக்க முடிவானபோது, மாணவர்களை அழைத்துப் பெரிய தாள்களைக் கொடுத்து, ‘உனக்கு வேண்டிய நூலகத்தை நீயே வரை’ என்றார்கள். கட்டடக் கலைஞர்கள் அந்தப் படங்களிலிருந்து வேலையைத் தொடங்கினார்கள். அதுதான் 2007இல் திறக்கப்பட்ட கிளீசன் நூலகம்.

‘மாணவரை வரையச் சொன்னால் வானத்தையே கேட்பார்களே’ என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். கேட்பார்கள்தான். ரோச்செஸ்டர் மாணவர்கள் சாய்ந்து படிக்கும் இருக்கை, கணப்பு அடுப்பு, காபி எல்லாவற்றையும் வரைந்தார்கள். ஆனால் அந்தப் படங்களில் உதவிக்கு நிற்பவர் ஒருவரே. புத்தகம் வழங்குவதும், ஐயம் தீர்ப்பதும், கணினிக் கோளாறைச் சரிசெய்வதும் அவரே. இரவல் பிரிவு, குறிப்புதவிப் பிரிவு, கணினிப் பிரிவு என்று நாம் வகுத்து வைத்திருக்கும் எல்லைகள் மாணவரின் மனத்தில் இல்லை. எந்தப் படிவமும் இதைச் சொல்லியிருக்காது. படத்தைப் படித்துப் பொருள் காண்பது நூலகரின் வேலை. நம் அனுபவம் அங்கேதான் தேவைப்படுகிறது.

இதற்கும் நம் மரபுக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக 1924இல் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. சேமிக்க வேண்டுமானால் அந்த நேரம் எங்கே போகிறது என்பது முதலில் தெரிய வேண்டும். நான்கு மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய மாணவரின் நேரமும், இரவு விடுதிக் கதவு சாத்துவதற்குள் திரும்ப வேண்டிய மாணவியின் நேரமும் ஒன்றல்ல. வரைபட நாட்குறிப்பு அதைக் கண்முன் வைக்கும்.

நம் நூலகங்கள் பலவற்றின் படிக்கட்டைப் பாருங்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர் தூணில் முதுகைச் சாய்த்து, மடியில் நகலெடுத்த குறிப்புகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே நாற்காலி காலியாக இருக்கும். பையும் சொந்தப் புத்தகமும் உள்ளே வரக்கூடாது என்ற விதி அவரை வெளியே உட்கார வைத்திருக்கிறது. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகம் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறது. பொது நூலகத்தால் முடிந்தது வளாக நூலகத்தால் முடியாதா?

வளாகச் சமூகம் என்றால் மாணவர் மட்டும் அல்லர். பார்வையற்ற ஆய்வாளர், சக்கர நாற்காலியில் வருபவர், விடியற்காலையில் கூட்டிப் பெருக்கும் பெண்மணி, இரவுக் காவலர் எல்லோரும் அந்தக் கட்டடத்தை நம்மைவிட வேறு விதமாக அறிந்தவர்கள். நூலகத்துக்குள் காலே வைக்காத மாணவரையும் தேடிப் போய்க் கேட்க வேண்டும். வந்துகொண்டிருப்பவரை மட்டும் கேட்டால், வராதவருக்கான காரணம் நமக்குக் கடைசிவரை தெரியாது.

ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். கேட்டுவிட்டு மௌனமாக இருந்துவிடாதீர்கள். எதை ஏற்றோம், எதை ஏற்க முடியவில்லை, ஏன் என்பதை எழுதி, ஒப்பந்தப்புள்ளி வெளியாகும் முன்னரே நூலக வாசலில் ஒட்டுங்கள். பணம் போதவில்லை என்றால் போதவில்லை என்று எழுதுங்கள். மாணவர்கள் அதைப் புரிந்துகொள்வார்கள். பதிலே வராவிட்டால், அடுத்த முறை தாளைக் கொடுக்கும்போது எவரும் வரைய வரமாட்டார்கள்.

பிற்பகல் அமர்வில் ஒவ்வொரு மேசையிலும் பெரிய தாளும் வண்ண எழுதுகோல்களும் இருக்கும். இந்தக் கல்லூரி மாணவர்கள் உங்களோடு வந்து உட்காருவார்கள். முதல் அரை மணி நேரம் அவர்கள் வரையட்டும், பேசட்டும். நாம் குறித்துக்கொள்வோம். அதற்குப் பிறகு நாம் கேள்விகளைத் தொடங்கலாம்.

நன்றி, வணக்கம்.