நெருக்கடியில் வேலை செய்யக் கற்றுத் தருவது கல்யாண வீடா, விளையாட்டுக் களமா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். அலுவலகத்தில் நெருக்கடி வந்தால் எப்படி வேலை செய்வது என்பதைக் கல்யாண வீட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்கிறது எதிரணி. விளையாட்டுக் களம்தான் என்கிறோம் நாங்கள். எனக்கு முன்னால் பேசிய சகோதரி, "ஆயிரம் பேருக்குப் பந்தி நடத்திய தாய்மாமனைவிடப் பெரிய மேனேஜர் உண்டா?" என்று கேட்டுக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார். நானும்தான் தட்டினேன். பந்தி என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

ஆனால் முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது "தாலி எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். பெரியப்பா சித்தப்பாவைக் கேட்பார், சித்தப்பா அத்தையைக் கேட்பார், அத்தை அழவே ஆரம்பித்துவிடுவார். தாலியோ தேங்காயோடு தட்டில் ஏறி, ஆசீர்வாதத்துக்காக மண்டபத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும். எல்லாருக்கும் பொறுப்பு உண்டு, யார் பொறுப்பு என்றுதான் தெரியாது. அலுவலகத்திலும் இதே கதைதான். மாதக் கடைசியில் சர்வர் படுத்துவிட்டால் வாட்ஸ்அப் குழுவில் முப்பது பேர் "என்ன ஆச்சு?" என்பார்கள். சரிசெய்ய வேண்டியவர் முப்பது பேருக்கும் பதில் தட்டிக்கொண்டிருப்பார்.

ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்துக்கு வாருங்கள். 2023இல் கத்தாரில் மெக்லாரன் அணி நான்கு சக்கரங்களையும் 1.80 விநாடியில் மாற்றியது. நான் வணக்கம் சொல்லவே அதைவிட அதிக நேரம் ஆனது. ஒரு சக்கரத்துக்கு மூன்று பேர். ஒருவர் நட்டைக் கழற்றி முடுக்குவார், ஒருவர் பழைய சக்கரத்தை உருவுவார், ஒருவர் புதியதை மாட்டுவார். உருவுகிறவருக்கு அந்த ஒரு வேலைதான். பக்கத்துச் சக்கரத்தில் நட்டு சிக்கினாலும் போய் யோசனை சொல்ல மாட்டார். யோசிக்க வேண்டியதை எல்லாம் பந்தயத்துக்கு முன்பே யோசித்து முடித்தாயிற்று.

"கார் வேறு, நம் வேலை வேறு" என்று எதிரணி சொல்லும். சரி, லண்டனில் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போவோம். இதய அறுவை சிகிச்சை முடிந்த குழந்தையைத் தியேட்டரிலிருந்து ஐசியூவுக்கு மாற்றும் அந்தச் சில நிமிடங்கள்தான் அவர்களுக்குப் பெரிய தலைவலி. வென்டிலேட்டர், மானிட்டர், குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றி இணைக்க வேண்டும். நடந்ததை எல்லாம் அடுத்த குழுவிடம் ஒப்பிக்கவும் வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் எது காதில் விழும்? பந்தயத்தை டிவியில் பார்த்த டாக்டர்கள் நேராக ஃபெராரி அணியிடம் போனார்கள். அதன்பிறகு வந்த புதிய முறையில், மாற்றுகிற வேலைக்கு மயக்க மருந்து டாக்டர் தலைமை. யாருக்கு எந்த வேலை என்பது முன்கூட்டியே முடிவு. முதலில் கருவிகள், அப்புறம்தான் பேச்சு. தவறுகளும், சொல்ல விட்டுப்போனவையும் குறைந்தன என்று 2007இல் ஆய்வாகவே வெளியிட்டார்கள்.

தவறு நடந்துவிட்டால்? 2024 டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். பார்படாஸ் மைதானம். அக்சர் படேலின் ஒரே ஓவரில் 24 ரன் போனது. தென்னாப்பிரிக்காவுக்குத் தேவை 30 பந்தில் 30 ரன், கையில் ஆறு விக்கெட். பாதி வீடுகளில் டிவியை அணைத்திருப்பார்கள். நம் அலுவலகமாக இருந்தால் அந்த நிமிடமே மீட்டிங் போட்டு, அக்சரை நிற்க வைத்து, "24 ஏன் போச்சு?" என்று விளக்கம் கேட்டு, அதற்கு நாலு பேரை சிசியில் வேறு போட்டிருப்பார்கள். ரோகித் சர்மா பும்ராவிடம் பந்தைக் கொடுத்தார். நாலு ரன். அடுத்து ஹர்திக், முதல் பந்திலேயே கிளாசன் காலி. மறுபடியும் பும்ரா, இரண்டே ரன், ஒரு விக்கெட். அர்ஷ்தீப் நாலு ரன். நாலு ஓவருக்கு மொத்தமே 14! ஏழு ரன் வித்தியாசத்தில் கோப்பை நம் கையில். போன ஓவரைப் பற்றிய விசாரணையை ஆட்டம் முடிந்தபிறகு வீடியோ போட்டு வைத்துக்கொள்ளலாம். கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்புக் கூடினால் பந்தி நடக்கும்போதே மூன்று தலைமுறை பேசும். அடுத்த கல்யாணத்திலும் உப்புக் கூடும்.

நம்ம கபடியையும் விட்டுவிட முடியாது. புரோ கபடியில் களத்தில் மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ நிற்கும்போது ரைடரைப் பிடித்தால் ஒரு புள்ளி கூடுதல். ஆள் இல்லாத நேரத்தில் செய்த வேலைக்கு மதிப்பு அதிகம் என்று விதியே எழுதி வைத்திருக்கிறார்கள். கம்பெனியில் பாதிப் பேர் வேலையை விட்டுப் போன மாதத்தில், மிச்சமிருப்பவருக்குக் கிடைப்பது அந்தப் பாதிப் பேரின் வேலை மட்டும்தான்.

"ஆட்டம் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும், அலுவலகம் வருஷம் முழுக்க ஓடுகிறதே" என்று எதிரணித் தலைவர் கேட்டார். நல்ல கேள்வி. அந்த மூன்று மணி நேரத்துக்காக அவர்கள் மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள். வருஷம் முழுக்க ஆடுகிற நாம் ஒரு நாளாவது எடுக்கிறோமா? எல்லாக் கம்பெனியிலும் டேட்டாவுக்கு பேக்கப் இருக்கிறது. சர்வர் நன்றாக ஓடும்போதே, பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் ஒரு முறை மீட்டெடுத்துப் பார்த்தவர்கள் இந்த அரங்கில் இருந்தால் கை தூக்குங்கள். நான் இப்போதே எதிரணிக்குப் போய்விடுகிறேன்.

ஒரு கைகூட எழவில்லை என்பதை நடுவர் அவர்கள் குறித்துக்கொள்ளட்டும். நன்றி, வணக்கம்.