இரவல் சேலையும் இணைய விளையாட்டும்

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் நூலகர் அம்மையார் அவர்களே, முன்னிலை வகிக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, மூன்று முறை தொலைபேசியில் அழைத்து என்னை வரவழைத்த செயலாளர் அவர்களே, இடமில்லாமல் பின்னால் நின்றுகொண்டே கேட்கும் கல்லூரி மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தந்த அம்மையாருக்குத் தனி நன்றி.

அறிவியல் புனைவில் எனக்குப் பிடித்த பாத்திரங்கள், ஆண்டுக்கணக்கில் இணையத்திலேயே நடக்கும் விளையாட்டுகள், அவற்றில் புரளும் பணம் என்று மூன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்கு முன், என் பாட்டி அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று: ‘இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்.’

‘டெஸ்டினி 2’ விளையாட்டில் இருவர் என் நெஞ்சுக்கு நெருக்கமானவர்கள். கேய்ட்-6 இயந்திர உடல் கொண்டவன். வாய் ஓயாத குறும்பன். ஸவாலா நேர்மாறு, நீலத் தோலும் ஒளிரும் கண்களுமாக, பொறுப்பையெல்லாம் தோளில் சுமக்கும் தளபதி.

2023 மார்ச் 17 அன்று, ஸவாலாவுக்குக் குரல் கொடுத்த நடிகர் லான்ஸ் ரெட்டிக் காலமானார். செய்தியைப் பார்த்ததும் விளையாட்டைத் திறந்தேன். சண்டைக்குப் போக மனம் வரவில்லை. ஸவாலா நிற்கும் கோபுரத்துக்குப் போனேன். அங்கே எனக்கு முன்பே மற்ற ஆட்டக்காரர்களின் கூட்டம். ஒருவர் மண்டியிட்டிருந்தார், இன்னொருவர் சல்யூட் அடித்தார். வழக்கமாக அங்கே ஆடிப்பாடுகிறவர்கள்கூட அசையாமல் நின்றார்கள். நானும் சல்யூட்டுக்கான பொத்தானை அழுத்தினேன். சில விநாடிகளில் கை இறங்கிவிடும், மறுபடி அழுத்தினேன். என் அக்கா மகன் வந்து, “மாமா, யாருக்கு என்ன ஆயிற்று?” என்றான். “நமக்கு வேண்டியவர் போய்விட்டார்” என்றேன். அவனும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். தேநீர் ஆறிப்போனது. அந்தக் கூட்டத்தில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. ஆனால், சாவு வீட்டுத் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பங்காளிகளாகவே அவர்கள் எனக்குத் தெரிந்தார்கள்.

அந்தத் திண்ணை நம்முடையதா? அதுதான் என் கேள்வி. கேய்ட்-6 கொல்லப்படும் கதை 2018 செப்டம்பரில் காசுக்கு விற்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் விளையாட்டிலிருந்தே நீக்கப்பட்டது. 2017இல் வந்த முதல் கதை அதற்கும் முன்பே, 2020 நவம்பரில் போய்விட்டது. ‘தி க்ரூ’ என்ற கார்ப்பந்தய விளையாட்டை இணையத்தில் இயக்கிய நிறுவனக் கணினிகள், அதாவது சர்வர்கள், 2024 மார்ச் 31 அன்று நிறுத்தப்பட்டன. தனியாக ஓட்டுவதற்கும் இணையம் தேவைப்பட்டதால், வாங்கியவர் கையில் வெறும் வட்டுதான் மிஞ்சியது. பாட்டி சொன்ன இரவல் சேலை இதுதான்!

ஒரு பதிப்பகம் மூடப்பட்டால், இந்த நூலக அலமாரியிலிருந்து அதன் புத்தகங்களை யாராவது வந்து எடுத்துப்போக முடியுமா, அம்மையாரே?

இதற்காகத்தான் யூடியூபர் ராஸ் ஸ்காட் 2024இல் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’, அதாவது ‘விளையாட்டுகளைக் கொல்வதை நிறுத்துங்கள்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கான கையெழுத்துகள் 2025 ஜூலையில் 10 லட்சத்தைத் தாண்டின. சர்வரைக் காலமெல்லாம் நடத்தச் சொல்லவில்லை. கடையை மூடும்போது, வாங்கியவர் தொடர்ந்து விளையாடும் நிலையில் விட்டுப்போகச் சொல்கிறார்கள். இது நியாயமான கோரிக்கை.

பணத்தைப் பற்றிப் பேச நேரமில்லை. செயலாளர் சீட்டு அனுப்பிவிட்டார். வாசல் மேசையில் நீல அட்டை நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். காசு கொடுத்து வாங்கி, இன்று திறக்க முடியாமல் போன விளையாட்டு உங்களிடம் இருந்தால், அதன் பெயரையும் வாங்கிய ஆண்டையும் எழுதிவிட்டுப் போங்கள். பேனா நூலில் கட்டியிருக்கிறது. நன்றி, வணக்கம்.