நாலு வயசுக் காலுக்கு எட்டும் தூரம்

நேயர்களுக்கு வணக்கம்.

பனியன் கம்பெனி வண்டி காலை ஏழரைக்கெல்லாம் ஊருக்குள் வந்து நின்றுவிடுகிறது. பால்வாடிக் கதவு திறக்க ஒன்பது மணி ஆகும். நடுவில் இருக்கும் அந்த ஒன்றரை மணி நேரம் நாலு வயசுக் குழந்தை யாரிடம் இருக்கும்? வீட்டில் ஆத்தாவோ அம்முச்சியோ இருந்தால் சரி. இல்லாத வீட்டில் அம்மா வேலையை விடவேண்டும், அல்லது கடன் வாங்கியாவது வேன் அனுப்பும் நர்சரிப் பள்ளியில் சேர்க்கவேண்டும். அரசுப் பணத்தில் நடக்கும் முன்பருவக் கல்வி, அது யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே எட்டாமல் போவது இப்படித்தான்.

பால்வாடி என்று நாம் சொல்லும் அங்கன்வாடியை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் ஐம்பத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. எண்ணிக்கையில் குறை சொல்ல முடியாது. குறை இருப்பது மையங்களைப் பிரித்து வைக்கும் கணக்கில். 400 முதல் 800 பேர் வரை உள்ள மக்கள்தொகைக்கு ஒரு மையம், 150 முதல் 400 பேருக்கு ஒரு குறுமையம் என்பது விதி. தெருத்தெருவாக நெருங்கி வாழும் ஊருக்கு இது பொருந்தும். கொங்கு நாட்டில் குடும்பங்கள் சாளை என்னும் தோட்டத்து வீடுகளில் சிதறி இருக்கின்றன. காங்கயம், தாராபுரம் பக்கம் 600 பேர் என்றால் மூன்று நாலு கிலோமீட்டருக்குப் பரந்து கிடப்பார்கள். நடுவே வாய்க்காலும் இருக்கும், லாரி ஓடும் ரோடும் இருக்கும். விதி தலையை எண்ணுகிறது, குழந்தை நடக்கும் தூரத்தை எண்ணவில்லை. அரை கிலோமீட்டருக்கு மேல் போனால் யாராவது தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும். பண்ணை வேலைக்குப் போகும் அம்மாவுக்கு அதற்கு நேரம் கிடையாது.

இதற்கு ஒரு வழி உண்டு; அதைத் தெரிந்தவர்கள்தான் குறைவு. 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. ஒரு குடியிருப்பில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேராவது இருந்து, அங்கே மையம் இல்லையென்றால், மக்கள் கேட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மையம் திறக்கவேண்டும் என்பது அந்த உத்தரவு. குடிசைப் பகுதிக்கும் இது பொருந்தும்.

கேட்கும் மனு பெரும்பாலும் எங்கே தடுக்கி விழுகிறது? முதலில் எண்ணிக்கையில். மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளை மட்டும் எழுதிவிட்டு, 25 பேர்தான் தேறுகிறார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். கைக்குழந்தையும் கணக்கில் சேரும். வீடு வீடாகப் போய்க் குழந்தையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், வீடு இருக்கும் இடம், இப்போது எங்கே போகிறது என்று ஐந்து விவரமும் எழுதுங்கள். பிறப்புச் சான்று கையில் இல்லாவிட்டால் தடுப்பூசி அட்டையில் தேதி இருக்கும். நர்சரிக்குப் போகும் குழந்தையை மறைக்கவேண்டாம்; அதன் பெயர் வேறு பதிவேட்டில் இருந்து ஆய்வில் தெரிந்தால் பட்டியல் முழுவதன் மேலும் சந்தேகம் விழும். பக்கத்து மையம் எவ்வளவு தூரம், வழியில் எந்த வாய்க்காலை, எந்த ரோட்டைத் தாண்டவேண்டும் என்று கையால் வரைந்த படம் ஒன்றை இணையுங்கள்.

மனு வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்குப் போகவேண்டும். கிராம சபையில் தீர்மானம் போட்டு நகலைச் சேர்த்தால் வலு கூடும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் ஒப்புகை எண்ணை மறக்காமல் வாங்குங்கள். மூன்று மாதக் கணக்குக்கு அந்தத் தேதிதான் சாட்சி.

அடுத்த தடுக்கல் இடம். "தோட்டத்துக்காரர் ரெண்டு சென்ட் தர்றேன்னு சொல்லிட்டார்" என்ற வாய்ப்பேச்சோடு மனு வருடக்கணக்கில் தூங்கும். ஊராட்சி பெயருக்குத் தானப்பத்திரம் பதிவாகவேண்டும். அதுவரை வாடகைக் கட்டடத்தில் தொடங்கலாம். கழிப்பறை, தண்ணீர், சமைக்கத் தனி இடம், இந்த மூன்றும் இருந்தால் போதும். இடம் எந்தப் பக்கம் என்பதையும் வெளிப்படையாகப் பேசியாகவேண்டும். ஊருக்குள் வைத்தால் காலனிக் குழந்தை ஒதுங்குகிறது. காலனியில் வைத்தால் ஊர்க்காரர் அனுப்ப மறுக்கிறார்கள். அரசுத் தொடக்கப்பள்ளி வளாகம் கிடைத்தால் அதைக் கேளுங்கள். எந்தக் குழந்தையும் யார் வாசலையும் தாண்டிப் போகவேண்டியதில்லை.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் ஏழைக் குழந்தைகளுக்கு இலவசமாக ஒதுக்கும் 25 சதவீத இடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் மாநிலத்தில் அது எல்.கே.ஜி.யிலேயே தொடங்குகிறது. விண்ணப்பத்துக்கு வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவு என்பது கணக்கு. தனியார் பள்ளி நிறைந்த திருப்பூரிலும் கோவையிலும் அது உதவும். ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையிலும் கடம்பூர் மலையிலும் ஒரு கிலோமீட்டருக்குள் எந்தத் தனியார் பள்ளி இருக்கிறது? மலைக்கு அங்கன்வாடிதான் கதி. அங்கே இன்னொரு சிக்கல் மொழி. சோளகர், ஊராளிக் குழந்தைகள் வீட்டில் பேசுவது பாடத் தமிழை அல்ல. தாளவாடியில் பல வீடுகளில் கன்னடம். உதவியாளராவது அதே ஊர்க்காரராக இருந்தால் குழந்தை முதல் வாரமே பேச ஆரம்பிக்கும். இல்லாவிட்டால் மாதக்கணக்கில் வாய் திறக்காது. அப்படிப் பேசாத குழந்தையை மந்தம் என்று எழுதிவிடுவது பெரிய அநியாயம்.

நேரத்துக்கு வருகிறேன். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்கவேண்டும் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் தறிக்குடோனும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டும் அந்த எண்ணிக்கையை எட்டுவதே இல்லை. அதனால் அங்கன்வாடியையே காலை ஏழு முதல் மாலை ஆறரை வரை நீட்டவேண்டும். இருக்கிற ஒரு பணியாளர், ஓர் உதவியாளர் தலையில் அதைச் சுமத்தக்கூடாது. எடை எடுப்பது, சத்துமாவு வழங்குவது, வீடு பார்ப்பது, கைபேசிப் பதிவு என்று ஏற்கெனவே பாட நேரம்தான் பறிபோகிறது. காலையிலும் மாலையிலும் பார்த்துக்கொள்ள மூன்றாவதாக ஒருவரை நியமித்து, தனி ஊதியம் தரவேண்டும்.

கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் இடம்பெயர்ந்து போகும் குடும்பங்கள் ஒன்றைச் செய்யுங்கள். கிளம்புவதற்கு முன் பழைய மையத்தில் சொல்லி, போகும் ஊர் மையத்துக்குப் பதிவை மாற்றச் சொல்லுங்கள். அங்கன்வாடிப் பதிவுகளை வைக்கும் போஷன் டிராக்கர் என்ற கைபேசிச் செயலியில் அதற்கு வழி இருக்கிறது. குழந்தைக்கு ஆதார் எடுக்கவில்லை என்றாலும் அம்மாவின் ஆதாரே போதும். அதைக் காரணம் காட்டி யாரும் திருப்பி அனுப்பக்கூடாது. பதிவில் கொடுத்த கைபேசி எண்ணை நடுவில் மாற்றாதீர்கள். மாற்றினால், போன இடத்தில் பெயரைத் தேடிப் பிடிப்பதற்குள் வெட்டு முடிந்து ஊர் திரும்பும் நாள் வந்துவிடும்.

நன்றி, வணக்கம்.